மேலே வரும்போதுதான் குளிர்

1975 நவம்பர் 10 இரவு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் சுப்பீரியர் ஏரியில், எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் புயலில் சிக்கி 29 பேரோடு மூழ்கியது. கிடப்பது ஏறத்தாழ 160 மீட்டர் ஆழத்தில். 1995இல் டெரன்ஸ் டைசல், மைக் ஸீ என்ற இருவர் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு இறங்கி அந்தக் கப்பலை எட்டினார்கள். இறங்க 6 நிமிடம், பார்க்க 6 நிமிடம். மேலே வந்து சேர 3 மணி நேரம்!

ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜனும் ஹீலியமும் உடம்பில் கரைந்துவிடுகின்றன. அவை மெல்ல வெளியேற வேண்டும் என்றால் அங்கங்கே நின்று நின்றுதான் ஏற வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகும். ஆக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குவதுதான் வேலை. சுப்பீரியரின் அடிநீர் ஆண்டு முழுக்க 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். கோடைக் கடைசியில் மேல்நீர் சற்று இதமாக இருப்பது உண்மைதான். ஆனால் நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் எந்த ஏரியும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

இதற்காகத்தான் டிரைசூட் என்ற நீர்புகா உடை. நைலான், பியூட்டைல் ரப்பர், பாலியெஸ்டர் மூன்றையும் ஒட்டிச் செய்த மெல்லிய துணி இதில் பரவலாகப் பயன்படுகிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேட்டெக்ஸ் அல்லது சிலிக்கான் பட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். லேட்டெக்ஸ் பட்டையில் டால்கம் பவுடர் தூவி, விரல்களைக் குவித்துக் கையை நுழைப்பார்கள். ஒரு நகம் பட்டால் கிழிந்துவிடும். கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒரு தலைமுடி சிக்கிக்கொண்டாலே போதும், அதன் வழியே தண்ணீர் கசியும்.

உண்மையில் அந்தத் துணிக்கும் கதகதப்புக்கும் சம்பந்தமே இல்லை. அதன் வேலை தண்ணீரைத் தடுப்பது மட்டுமே. சூட்டைக் காப்பது உள்ளே போடும் கம்பளி அல்லது செயற்கை இழை உடையும், அந்த இழைகளுக்குள் தங்கும் வாயுவும்தான். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி வாயு பாதியாகச் சுருங்கும். உடையும் நாள்பட்ட பஞ்சு மெத்தைபோல் தட்டையாகிவிடும். நெஞ்சில் உள்ள பொத்தானை அழுத்தி வாயு விட வேண்டும். ஏறும்போது இடது தோள்பக்க வால்வு வழியே வெளியேற்ற வேண்டும். நிமிர்ந்து நின்றால் வாயு தோளுக்கு ஓடிவிடும், கால்கள் நசுங்கும். பாதம் முதலில் விறைப்பது இதனால்தான். அதற்காக வாயுவை அள்ளி விட்டால், கால் சற்று மேலே போனாலே அது பாதத்துக்குப் பாய்ந்து, ஆளைத் தலைகீழாக மேலே தூக்கிக்கொண்டு போய்விடும் அபாயம் உண்டு.

எந்த வாயுவை விடுவது? ஆழத்தில் சுவாசிக்கும் கலவையில் ஹீலியம் இருக்கும். அது காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதை உடைக்குள் விடுவது குளிரை விருந்துக்கு அழைப்பதுதான். எனவே தனியாக ஒரு குட்டி சிலிண்டர். பலர் அதில் ஆர்கான் நிரப்புவார்கள். ஆர்கானின் வெப்பக் கடத்தல் காற்றினுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்கில் அருமை. ஆனால் டைவர்களை வைத்துச் செய்த சோதனைகள் ஒத்துப்போகவில்லை: சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆர்கானுக்குச் செலவழிக்கும் காசில் இன்னும் தடிமனான உள்ளுடை வாங்கலாம் என்பது என் கட்சி.

இப்போது பேட்டரியில் சூடாகும் உள்ளங்கிகள் வந்துவிட்டன. குளிர் என்றால் போட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். ஃபுளோரிடாவில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் மூழ்கல் ஆய்வுப் பிரிவு 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சுமார் 37 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், 36 டிகிரி, 27 டிகிரி நீரில் டைவர்களைச் சோதித்தார்கள். அடியில் குளிர், ஏறும்போது சூடு என்றபோது, 70 நிமிடம் அடியில் இருந்தும் 158 மூழ்கல்களில் 2 பேருக்குத்தான் குமிழி நோய். மாற்றி, அடியில் சூடு, ஏறும்போது குளிர் என்றதும், வெறும் 30 நிமிடத்துக்கே 32 மூழ்கல்களில் 7 பேருக்கு! அதுவும் 27 டிகிரியில். நம் ஊர்க் குளத்தில் யாரும் குளிர் என்று சொல்லாத சூடு அது.

காரணம் ரத்த ஓட்டம். அடியில் உடம்பு சூடாக இருந்தால் ரத்தம் எல்லா மூலைக்கும் ஓடி வாயுவைத் தாராளமாகக் கொண்டு சேர்க்கிறது. ஏறும்போது குளிர்ந்தால் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன வாயுவைப் பூட்டிவிடுகின்றன.

சூட்டங்கியை இறங்கியதுமே போட்டுவிட்டு, ஏறும் வழியில் பேட்டரி தீர்ந்தால் நடப்பது சரியாக அந்த இரண்டாவது கதைதான். அதனால் விவரம் அறிந்தவர்கள் அடியில் அதை அணைத்தோ, மிகக் குறைத்தோ வைத்து, ஏறத் தொடங்கியபின் கூட்டுகிறார்கள். அது இல்லாமலே 3 மணி நேரம் தாங்கும் அளவு உள்ளுடையும் போட்டுக்கொள்கிறார்கள். படகில் ஏறியவுடன் வெந்நீர்க் குளியலுக்கு ஓடுவதில்லை. தோல் திடீரெனச் சூடேறினால், அதில் மிச்சமிருக்கும் வாயு அங்கேயே குமிழியாகலாம். உலர்ந்த துணி, வெதுவெதுப்பான பானம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருத்தல், வெந்நீர் அப்புறம்தான்.