வரைகலை அட்டையை மாற்றலாமா? – ஒரு விளக்கம்

இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த துறை மலரில் கணிப்பொறியின் உள்ளுறுப்பு ஒன்றைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அறிவியல் செய்திகளைத் தமிழில் விளக்குவதும் தமிழ்த்துறையின் பணியே என்பது ஒரு காரணம். மற்றொன்று நடைமுறை சார்ந்தது. நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில், தந்தையோ தமையனோ வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கணிப்பொறிகள் பல வீடுகளில் உள்ளன. துறையின் தட்டச்சு, அச்சுக்கோப்பு வேலைகளைப் பல்லாண்டுகளாக நாம் கவனித்து வருவதால், அவற்றில் விளையாடும் மாணவர்கள் நம்மிடம் வந்து, "சார், கிராபிக்ஸ் கார்டை மாத்திடலாமா?" என்று கேட்பதுண்டு. கேள்வி சிறிது. ஆனால் அதன் பின்னே ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய் நிற்கிறது. வெயிலில் நின்று கட்டடம் எழுப்பும் ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் ஒரு மாதப் பணம் அது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

கடைத்தெருவில் 'கிராபிக்ஸ் கார்டு' என்று வழங்குவதை இக்கட்டுரையில் வரைகலை அட்டை எனக் குறிப்போம். திரையில் தோன்றும் ஒவ்வோர் உருவமும் புள்ளிக்கோலம் போன்றதே. பரவலாக வழங்கும் திரையில் கிடையாக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு நொடிக்கு 60 படங்கள் மாறினால்தான் அசைவு இழைந்து தோன்றும் என்று விளையாடுவோர் கருதுகின்றனர். அவ்வாறாயின் நொடிதோறும் 12 கோடியே 44 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் நிழலும் கணக்கிட்டாக வேண்டும். மையச் செயலி, அதாவது பிராசசர், பெருங்கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதில் வல்லது. வரைகலை அட்டையோ ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே வேளையில் போடுவதற்கென்றே அமைந்தது. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற என்விடியா நிறுவனம் 1999இல் ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டபோது, 'வரைகலைச் செயலி' என்னும் பெயரைப் பரப்பியது. கனடாவில் தோன்றிய ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி 2006இல் வாங்கிக்கொண்டது. இன்று விளையாட்டுக்கான அட்டைச் சந்தை பெரும்பாலும் இவ்விரு நிறுவனங்களின் கையில் உள்ளது.

படம் தடுமாறினால் குற்றம் அட்டையினுடையதே என்று மாணவர்கள் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். இங்கேதான் பிழை தொடங்குகிறது. இதனை விளக்க நம் மாவட்டத்திலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914இல் திறக்கப்பெற்றது. 2007இல் மீட்டர்ப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. பாதை அகன்றது, பெரிய பெட்டிகளும் வலிய எஞ்சின்களும் வந்தன. ஆயினும் பாலத்தை அடைந்ததும் வண்டி ஊர்ந்தே சென்றது. நூற்றாண்டுப் பழமையும் நடுவே கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதியும் அதற்குமேல் விரைவை அனுமதிக்கவில்லை. மண்டபம் வரை எத்துணை வலிய எஞ்சின் இழுத்து வந்தாலும், இராமேசுவரத்தைச் சென்றடையும் நேரத்தைப் பாலமே முடிவு செய்தது. கணிப்பொறியிலும் இத்தகைய பாலம் ஒன்று எப்போதும் உண்டு. அது வரைகலை அட்டையாக இருக்கலாம். மையச் செயலியாக இருக்கலாம். ரேம் எனப்படும் தற்காலிக நினைவகமாக இருக்கலாம். சுழலும் பழைய வன்தட்டாகவும் இருக்கலாம். எது பாலம் என்று தெரியாமல் எஞ்சினை மாற்றுவதில் பயனில்லை.

அப்பாலத்தின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் நம் பொருளுக்கு உதவும். 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த உணரிகள் எச்சரிக்கை காட்டிய பிறகே வண்டிகள் நிறுத்தப்பட்டன. அளவீடு முன்னே நின்றது. முடிவு பின்னே வந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பெற்றது.

கணிப்பொறியை அளப்பதற்கு உணரிகள் எவையும் வாங்க வேண்டா. விண்டோசில் உள்ள டாஸ்க் மேனேஜரே போதுமானது. சற்று நுட்பமாகக் காண விரும்புவோர் எம்எஸ்ஐ ஆப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் அட்டையின் உழைப்பு, செயலியின் உழைப்பு, நினைவகத்தின் நிரப்பு, வெப்பநிலை ஆகியவற்றை அது காட்டிக்கொண்டே இருக்கும். அட்டை 95 முதல் 99 விழுக்காடு வரை உழைத்தும் படம் தடுமாறினால் குறை அட்டையின்பாற்பட்டது. அட்டை 50, 60 விழுக்காட்டிலேயே இளைப்பாறிக்கொண்டிருக்கப் படம் தடுமாறினால் குறை வேறிடத்தில் உள்ளது. மற்றுமோர் எளிய சோதனையும் உண்டு. விளையாட்டின் அமைப்புகளில் படத்தின் புள்ளி அளவைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்குரிய படங்களின் எண்ணிக்கை நன்கு உயர்ந்தால் பளு அட்டையின் மேல் இருந்தது என்பது தெளிவு. எவ்வளவு குறைத்தும் எண்ணிக்கை அசையவில்லையாயின், புதிய அட்டையாலும் அது பெரிதாக அசையப்போவதில்லை. இச்சோதனைக்குக் கால்மணி நேரம் போதும். முப்பதாயிரம் செலவிடத் துணிந்தவர்களுள் இந்தக் கால்மணியைச் செலவிட்டவர் மிகச் சிலரே என்பது நாம் கண்டது.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து வரும் இளங்கலை மாணவர் ஒருவரின் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். 2018இல் வாங்கியது. இன்டெல் ஐ5-8400 செயலி, 8 ஜிபி ரேம் ஒற்றைத் துண்டு, சுழலும் வன்தட்டு, 4 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அட்டை, நொடிக்கு 60 படம் காட்டும் திரை. துபாயில் இருக்கும் அவருடைய காக்கா புதிய அட்டை வாங்கித் தர இசைந்திருந்தார். இளையவர் கேட்டுவிட்டார் என்பதற்காகவே இசைந்தவர் அவர். அளந்து பார்த்தபோது விடை ஒன்றாக வரவில்லை. அவர் நண்பர்களுடன் நாள்தோறும் ஆடும் வேலரன்ட் என்னும் சுடும் ஆட்டத்தில் அட்டை முழுமையாக உழைக்கவே இல்லை. ரேம் நிரம்பி வழிந்து, வன்தட்டு ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. பரந்த நிலவெளியைக் காட்டும் புதிய கதை விளையாட்டு ஒன்றிலோ அட்டை 99 விழுக்காட்டில் திணறியது. ஆக, ஒரே பெட்டியில் இரண்டு பாலங்கள். எந்த ஆட்டத்தை நாள்தோறும் ஆடுகிறோம், எதனை ஆண்டுக்கொரு முறை தொடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். பல்லாங்குழிக்கு இத்தொல்லை இல்லை என்று பெரியவர்கள் சிரிக்கக்கூடும், அதுவும் உண்மையே.

அவர் முதலில் செய்தது, ரேமில் இன்னொரு 8 ஜிபி துண்டைச் சேர்த்ததும், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்னும் திடநிலைத் தட்டை வைத்ததுமே. ஒற்றைத் துண்டாக உள்ள ரேம் இரண்டாகும்போது செயலிக்குச் செல்லும் வழியும் இரண்டாகிறது. இப்பயனைப் பலர் அறிவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரேமும் எஸ்எஸ்டியும் மலிவு என்னும் பழைய எண்ணம் இன்று செல்லாது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிக்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியில் அவற்றின் விலை கடுமையாக ஏறிற்று. எனவே இவற்றையும் அளந்த பின்னரே வாங்குதல் நன்று.

இனி, குறை அட்டையில்தான் என்று உறுதியானவர்களுக்குச் சில சொற்கள். பழைய அட்டைகளுக்கு ஒரு காலவரையறை வந்துவிட்டது. 1050 டிஐ, 1060 முதலியவை அடங்கிய பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருள் வழங்குவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். பழைய ஆட்டங்களுக்கு இதனால் தீங்கில்லை. புதியவற்றை நாடுவோர்க்கு இது மெய்யான காரணமே.

எதை வாங்குவது என்பதில் எண்களைக் கண்டு மயங்கலாகாது. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் பரவலான வடிவில் 12 ஜிபி நினைவகம் உண்டு. 2023இல் வந்த 4060இல் 8 ஜிபியே. பெயரில் எண் கூடியது, நினைவகம் குறைந்தது. வேகத்தில் பின்னதே முன்னிற்கும்; மின்செலவும் 170 வாட்டிலிருந்து 115 வாட்டாகக் குறைந்தது. ஆயினும் பின்னது தாய்ப்பலகையோடு எட்டுத் தடங்கள் வழியாகவே பேசும். முன்னது பதினாறு தடங்களில் பேசும். மேலே சொன்ன 2018ஆம் ஆண்டுக் கணிப்பொறியைப் போன்ற பழைய பலகையில் ஒவ்வொரு தடமும் குறுகியது. 8 ஜிபி நிரம்பி, செய்தி வெளியே போய்வர வேண்டிய நிலை வந்தால் அங்கே தடுமாற்றம் மிகும். திரை பழைய 60 படத் திரையாகவே இருக்க, நொடிக்கு 140 படம் வரையும் அட்டை வாங்குவோரும் உளர். எஞ்சிய 80 படங்களைக் கண் காணாது. கைக்கும் திரைக்கும் இடைப்பட்ட தாமதம் சிறிது குறையும். அதற்காகவே முப்பதாயிரம் தருவது போட்டி ஆட்டக்காரர்க்கன்றி ஏனையோர்க்குப் பொருந்தாது என்பது நம் கருத்து.

மின்வழங்கியைப் பற்றி எவரும் கேட்பதில்லை, அடிபடுவதோ அதனால்தான். தாய்ப்பலகையின் செருகுவாய் 75 வாட் வரை மட்டுமே தரும். 1050 டிஐ பெரும்பாலும் அதிலேயே வாழ்ந்துவிடும். அதற்கு மேற்பட்ட அட்டைக்கு எஸ்எம்பிஎஸ்-இலிருந்து தனிக்கம்பி வர வேண்டும். 4060க்கு 550 வாட் மின்வழங்கியை என்விடியா பரிந்துரைக்கிறது. பெட்டியோடு இலவசமாக வந்த, பெயரறியா மின்வழங்கியின் மேல் 450 என்று அச்சிட்டிருந்தால் அதனை அப்படியே நம்ப வேண்டா. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் மலிவான மின்வழங்கி தான் போகும்போது அட்டையையும் உடன் கொண்டுபோகும். யுபிஎஸ்ஸின் தாங்குதிறனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் கடற்கரைக்கென்றே உரிய இடர் உப்புக்காற்று. உலகில் உலோக அரிப்பு மிகுந்த சூழல்களுள் ஒன்றாகப் பாம்பனைப் பொறியாளர்கள் குறிப்பர். புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பூச்சும் பயன்பட்டதற்கு அதுவே காரணம். அதே காற்றுத்தான் கடல் பார்த்த சன்னல் வழியாகக் கணிப்பொறிக்குள்ளும் புகுகிறது. அட்டையின் விசிறியில் ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்து களிம்பு போலப் படியும், செருகுமுனைகள் கறுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அறையே உலைபோல் இருக்கும்போது, அட்டை 83 பாகை செல்சியசை ஒட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கார்டு பழசாகிவிட்டது" என்று நம்மிடம் வந்த சிலருக்கு விசிறியைத் துடைத்து, வெப்பப் பசையை மாற்றியதுமே போன வேகம் திரும்பியது. கடற்கரையை ஒட்டி வாழ்வோர் முதலில் செய்ய வேண்டியது இதுவே. செலவு சில நூறு ரூபாய்.

வாங்கும் இடம் குறித்து: சென்னை ரிச்சி தெருவில் பழைய அட்டைகளும் கிடைக்கும். மின்னணு நாணயம் 'தோண்டுவதற்கு' இரவு பகலாக உழைத்த அட்டைகள், எத்தேரியம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டபின் உலகெங்கும் பழஞ்சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை அல்ல. கண்ணெதிரே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். மிகப் பழைய சில்லுக்குப் புதுப்பெயர் ஏற்றி விற்கும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்னும் சிறு மென்பொருள் அவற்றுள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். புதிது வாங்கினால் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் விலையில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாயின், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று முன்பே எழுத்தில் கேட்டறிக. செல்லாதெனில், கெட்டுப்போன அட்டை மீண்டும் ஒருவர் விடுமுறைக்குப் போய்வரும் வரை காத்திருக்கும்.

விளையாட்டுக்கு இவ்வளவா என்று கேட்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். விளையாட்டை இழிவாகக் கருதுவதில் நமக்கு உடன்பாடில்லை. மேலும் அட்டை விளையாட்டோடு நிற்பதுமில்லை. 2007 முதல் கூடா என்னும் மென்பொருள் வழியாக என்விடியா அட்டைகளைப் பிற கணக்குகளுக்கும் பயன்படுத்த வழி ஏற்பட்டது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குவதும், பழைய தமிழ் நூல்களின் அச்சுப் பக்கங்களைக் கணிப்பொறி படிப்பதும் இன்று இவ்வகைச் செயலிகளின் உழைப்பே. 2024 மார்ச்சில் இந்திய அரசு ஒப்புதல் அளித்த 10,372 கோடி ரூபாய்ச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட வரைகலைச் செயலிகளை அமைப்பதும் அடங்கும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளையோ இத்துறையையோ பயில விரும்பும் மாணவர்க்கு வேகத்தினும் அட்டையின் நினைவகமே முதன்மை. அவர்களுக்கு 12 ஜிபி உடைய பழைய 3060, 8 ஜிபி உடைய புதியதைவிடப் பொருத்தமாகலாம். ஆனால் பயிலப் போகிறேன் என்று சொல்லி வாங்கி, ஆடுவதோடு நிறுத்திக்கொள்பவரும் உளர். அதை எந்த மென்பொருளும் அளந்து காட்டாது. வீட்டில் உள்ளவர்களே அறிவர்.

நாம் மேலே சொன்ன மாணவர் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றியபின் அன்றாட ஆட்டத்தில் தடுமாற்றம் தீர்ந்துவிட்டது. கதை விளையாட்டை அமைப்புகளைத் தாழ்த்தி ஆடி முடித்தார். இறுதியாண்டுச் செயல்திட்டம் எதுவென்று தெரிந்தபின் அட்டையைப் பற்றி எண்ணலாம் என்று காக்காவுக்கு அவரே செய்தி அனுப்பினார். பழைய அட்டையைக் கழற்றும் நாள் வந்தாலும் அதனை எறிந்துவிட வேண்டா. பாடம் நடத்தும் கணிப்பொறியில் இரண்டு திரைகளை இயக்க 1050 டிஐ இன்னும் போதும். அதனைப் பெற்றுக்கொள்ளும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் உள்ளன.