வாளை கவ்விய மாம்பழம்

சிவகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் தென்னையும் வாழையும். கீழே குளத்துப் பாசனத்தில் நெல். குறிஞ்சியையும் மருதத்தையும் இந்த ஊர்ப் பிள்ளைகள் படத்தில் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. யானை இறங்கும் தோட்டத்தில் ராக்காவல் இருந்த விவசாயிக்கு, கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் யானையைக் கண்டு நடுங்கும் பெண்களின் அச்சத்தை உரையாசிரியர் வந்து விளக்க வேண்டுமா என்ன? ஆனால் வகுப்பறையில் திணை என்பது மனப்பாட அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

அந்த அட்டவணையில் முதலில் தொலைவது உள்ளுறை, அதாவது சொன்னதற்குள் சொல்லாததை வைப்பது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு நிலைக்களன் என்கிறார் தொல்காப்பியர். மரம், பறவை, விலங்கு, மீன் என்று கண்ணால் பார்க்கிற பொருளிலிருந்துதான் குறிப்புப் பிறக்க வேண்டும்.

குறுந்தொகையின் 8-ஆம் பாடலைப் பாருங்கள். பாடியவர் ஆலங்குடி வங்கனார். கழனி ஓரத்து மாமரத்திலிருந்து கனிந்த பழம் தானாக உதிர்கிறது. நீரில் கிடக்கும் வாளை மீன் அதைக் கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் தலைவன் என்கிறாள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, அவள் பக்கத்தவர் காதில் விழும்படி பேசுகிறாள். நான் அவனை வளைத்துப் போடவில்லை, அவனே வந்தான் என்பதை அவளுக்காக அந்த மீன் சொல்லிவிடுகிறது. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டில் மகனைப் பெற்றவள் கை காலைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை என்று ஏளனமும் செய்கிறாள்.

வாளை பரத்தை, பழம் தலைவன் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பாட்டு அதோடு முடிவதில்லை. வாளைக்குக் கிடைப்பது உதிர்ந்த பழம் மட்டுமே. மரம் கரையை விட்டு நகராது. அவன் தன் வீட்டுக்குத்தான் திரும்புவான் என்பது முதல் காட்சியிலேயே இருக்கிறது. ஏளனத்துக்கு அடியில் இருக்கும் அவளுடைய வலி எனக்கு அங்கேதான் கேட்கிறது. அட்டவணையில் அந்த வலிக்குக் கட்டம் இல்லை.

இந்த வட்டாரத் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடலை நடத்தும் நாளில் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போங்கள். யார் பேசுகிறார், யார் காதில் விழப் பேசுகிறார், கரையில் என்ன நிற்கிறது, நீரில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கட்டும். உ.வே.சாமிநாதையர் 1937-இல் தந்த உரையை அதன் பிறகு பிரிக்கலாம்.