புதிய சுட்டியும் பழகிய கையும்

சுட்டெழுத்துக் கற்பிக்கும் எம்மனோர்க்கு, 'மவுஸ்' என்னுங் கருவியைச் 'சுட்டி' என்றல் இனிது. டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ண, பில் இங்கிலிஷ் 1964 இற் செய்த முதற் சுட்டி, மரப்பெட்டியில் இரு சில்லுகள் பூண்டது. இன்றோ கணினி விளையாட்டுக்கென்றே தனிச் சுட்டிகள் உள. அத்தகையதொன்றைப் பெறாமகன் எனக்குத் தந்தான். பழைய உரையொன்றின் ஏட்டுப்படியைக் கணினியில் ஒப்புநோக்குவதே யான் ஆடும் விளையாட்டு!

பழைய சுட்டி, கை ஓர் அங்குலம் நகரின், திரையிற் குறியை 800 புள்ளி நகர்த்தும். 1,920 புள்ளி அகலமுடைய திரையைக் கடக்க 2.4 அங்குலம் வேண்டும். புதியது 1,600 புள்ளி நகர்த்திற்று, 1.2 அங்குலமே போதும். ஒற்றெழுத்தின் அருகே நிற்கவேண்டிய குறி அடுத்த சொல்லுக்குத் தாவிற்று. கண் அறிந்த தூரம் வேறு, கை அறிந்த தூரம் வேறு.

"பெரியப்பா, நாளுக்கொரு வேகம் வைச்சுப் பாருங்கோ" என்றான். யான் இசைந்திலேன். அளவுகோல் நாடோறும் மாறின் கை எதனைக் கற்கும்? வேகத்தை 800க்கே இறக்கினேன். வடிவு ஒன்றே பழகுதற்கு எஞ்சியது. அதுவும் எளிதன்று. முன்னையதை விரல்நுனியாற் பற்றினேன். இதன் முதுகு உயர்ந்தது, உள்ளங்கை படிந்தாலன்றி அடங்காது. ஆகவே விரல் செய்த நுண்பணியை முன்கை ஏற்கவேண்டியதாயிற்று. எட்டு நாள் சென்றன. ஒன்பதாம் நாள் இரண்டு ஏடு பார்த்து முடிந்த பின்னரே, சுட்டியை நினையாதிருந்தமை நினைவுக்கு வந்தது.