உஷார்! சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறதா?

ஜிம்மில் சேர்ந்து முதல் வாரம். தொடை இரண்டும் வீங்கிக் கல்லாகக் கிடக்கின்றன. படி இறங்க முடியவில்லை. அடுத்த நாள் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறது. ‘உடம்பு சூடு’ என்று ஓர் இளநீரை வெட்டிக் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறீர்களா? தயவுசெய்து இறங்குங்கள். அது சூடு இல்லை. உங்கள் தசை உடைந்து ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் டயாலிசிஸ் வரை போகக்கூடிய விஷயம் இது.

இதை ஓசூர்க்காரர்களுக்கு உரக்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்து, இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி ஓலா வரை விரிந்திருக்கும் இந்தப் பகுதி ஷிப்டில் ஓடுகிறது. நைட் ஷிப்டு முடித்த கையோடு ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகணி என்று தினமும் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் பிரஸ் ஷாப்பில் நின்ற கால்களுக்கு அதற்குப் பிறகும் நூறு ஸ்குவாட் கொடுத்தால், அந்தக் கால்கள் மீள்வது எப்போது?

தசை ஜிம்முக்குள் வளர்வதில்லை. எடையைத் தூக்கும்போது, அதைவிட அதிகமாக மெல்ல இறக்கும்போது, தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. பயிற்சி முடிந்த பிறகுதான் உடம்பு வேலையைத் தொடங்குகிறது. வெள்ளணுக்கள் வந்து சிதைந்ததை அகற்றும். இழைகளின் ஓரத்தில் சும்மா கிடக்கும் சாட்டிலைட் செல்கள் விழித்துப் பெருகி, கிழிந்த இடத்தோடு சேர்ந்துகொள்ளும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போவது இந்தப் பழுதுவேலையால்தான். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்தால் கரைந்துவிடும் என்று மாஸ்டர் சொன்னால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். தசையில் செலவான கிளைகோஜன் நிரம்பவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவும் ஒழுங்காகச் சாப்பிட்டால். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் நாலு மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு எழுகிறவருக்கு அந்தத் தூக்கம் எங்கே கிடைக்கும்?

இதில் முதல் வாரம்தான் கண்டம். ஒருமுறை கிழிந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே பயிற்சியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பழகாத தசைக்கு அந்தக் காப்பு கிடையாது. பள்ளியில் கபடி ஆடியவன் என்ற தெம்பில் நாலு வருடம் கழித்து வருகிறவருக்கும், பொங்கல் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பி விட்ட இடத்திலேயே தொடங்குகிறவருக்கும் கிடையாது. மனசு பழைய எடையை ஞாபகம் வைத்திருக்கும், தசை வைத்திருக்காது.

சாதாரண வலிக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் உண்டு. சாதாரண வலி மூன்றாம் நாளிலிருந்து இறங்கும். கை, காலில் பலம் இருக்கும். ராப்டோவில் வலி ஏறிக்கொண்டே போகும், தசை வீங்கும், கையைத் தூக்கிச் சீப்பைப் பிடிக்கக்கூட முடியாது. உடைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். கூடவே கொட்டும் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். ‘உடம்பு சூடு’ என்று குடித்த இளநீரைப் பற்றிப் பயப்படுவது இதனால்தான். இளநீரில் பொட்டாசியம் நிறைய. நல்ல உடம்புக்கு அது நல்லதே. சிறுநீரகம் திணறும் நேரத்தில் எரிகிற தீயில் எண்ணெய்.

நிறம் மாறட்டும், பார்ப்போம் என்று காத்திருக்கவும் கூடாது. நிறம் மாறாமலேயே பலருக்கு இது வருகிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் இருப்பதோ, எங்கே போனாலும் ஜிம்முக்குப் போனதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கல்லடைப்பு, சிறுநீர்த் தொற்று என்று நேரம் போய்விடும். சிகே என்ற ரத்தப் பரிசோதனையும், கிரியாட்டினின், பொட்டாசியம் அளவும் வேண்டும் என்று கேளுங்கள். சிகே சாதாரணமாக சில நூறுக்குள் இருக்கும். ராப்டோவில் ஆயிரங்களைத் தாண்டும், லட்சத்தையும் தொடும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் சலைன் ஏற்றியே சரிசெய்துவிடுகிறார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகைகளைத் தொடவே தொடாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீர் வற்றிய உடம்பில் அது இரட்டை அடி. ஓசூரின் குளிர் வேறு ஏமாற்றுகிறது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் வியர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது. முந்தின இரவு மது, இரண்டு நாள் முன்பு காய்ச்சல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் ஆபத்து கூடும்.

மெஃபென்டெர்மின் ஊசியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அறுவை சிகிச்சையில் ரத்த அழுத்தம் விழும்போது தூக்கி நிறுத்தப் போடும் மருந்து அது. ஸ்டாமினாவுக்கு என்று ஜிம் பையன்களிடம் அதைக் கள்ளத்தனமாக விற்றவர்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் பிடித்திருக்கிறது. போதும், நிறுத்து என்று உடம்பு சொல்லும் ஒரே வார்த்தை களைப்பு. அந்த ஊசி அதன் வாயைக் கட்டிவிட்டு, இதயத்தை விரட்டுகிறது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்த செய்தி எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரையும் உலுக்கியது. வயது 46. காலையில் உடற்பயிற்சிக்குப் பின் அசௌகரியம், குடும்ப மருத்துவரின் கிளினிக், பிறகு பெரிய மருத்துவமனை. அதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அவர் இதயத்துக்குள் நடந்தது என்ன என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உடற்பயிற்சியே ஆபத்து என்றும் ஆகிவிடாது. அது இதயத்தைக் காக்கிறது. ஆனால் பயிற்சியின்போதோ முடிந்த பிறகோ நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மயக்கம் வந்தால், வாயு என்று சோடா குடித்து உட்காராதீர்கள். பைக்கையும் எடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. அப்பா, பெரியப்பா, மாமா யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், ஜிம்மில் பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஷிப்டு மாறும் வாரத்தில் எடையைப் பாதியாக்குங்கள். நைட் முடித்தால் முதலில் தூக்கம், பிறகு சாப்பாடு, அதற்கப்புறம்தான் ஜிம். ஒரே தசைக்கு 48 மணி நேரமாவது இடைவெளி கொடுங்கள். ராகிக்களி, கொள்ளு, நிலக்கடலை, முட்டை எல்லாம் இந்த மண்ணிலேயே கிடைக்கும்போது ஆயிரக்கணக்கில் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. ஜிம் நடத்துகிற அண்ணன்மார்களே, புதிதாக வரும் தம்பியிடம் ‘எந்த ஷிப்டு? எத்தனை மணி நேரம் தூங்கினாய்?’ என்று கேட்டுவிட்டு பாரில் தட்டை மாட்டுங்கள்.