சந்தேகம் நோயாகும்போது

கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தும் கணவர் நம்பவில்லை என்று கண்ணீருடன் கூறும் பெண்களை மனநலப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். மனைவியின் சந்தேகத்தால் வேலைக்குச் செல்ல இயலாத ஆண்களும் வருகின்றனர். இவர்கள் அனைவரும் அறிய வேண்டிய முதல் உண்மை ஒன்று உண்டு: நோயாக மாறிய சந்தேகத்தைச் சத்தியத்தாலோ சாட்சியத்தாலோ தீர்க்க முடியாது.

இயல்பான சந்தேகமும் நோயும்

தம்பதியரிடையே எழும் எல்லாச் சந்தேகமும் நோயன்று. விளக்கம் கிடைத்ததும் தணிவது இயல்பான சந்தேகம். எந்த விளக்கத்துக்கும் அசையாத நம்பிக்கையாக இறுகிவிடுவது மருட்சி எண்ணம் எனப்படும். பேருந்து தாமதமானது, தவறான எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, புதுச் சேலை உடுத்தியது ஆகிய அனைத்தும் நோயாளிக்குச் சான்றுகளாகவே தோன்றும். கைபேசியையும் உள்ளாடைகளையும் சோதிப்பார். பணியிடம் வரை பின்தொடர்வார். பெற்ற பிள்ளையையே தன்னுடையதன்று என்பார்.

ஆங்கில மருத்துவர்கள் டாட், டியூஹர்ஸ்ட் ஆகியோர் 1955இல் இதற்கு ‘ஒத்தெல்லோ நோய்க்குறி’ எனப் பெயரிட்டனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஒத்தெல்லோ ஒரு கைக்குட்டையைச் சான்றாகக் கொண்டு குற்றமற்ற மனைவியைக் கொன்றுவிடுகிறான். இந்நோயின் ஆபத்தையும் அப்பெயர் உணர்த்துகிறது.

காரணங்கள்

நெடுநாள் மதுப்பழக்கம் முக்கியமான காரணமாகும். மனச்சிதைவு நோய், கடும் மனச்சோர்வு, மறதி நோய், பக்கவாதம் ஆகியவற்றிலும் இது தோன்றலாம். பார்கின்சன் நோய்க்கான சில மருந்துகளும் இதைத் தூண்டக்கூடும். எனவே முதுமையில் முதன்முறையாக இத்தகைய சந்தேகம் எழுந்தால், “வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது” என ஒதுக்காமல் உடல், மூளைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

வாதாட வேண்டாம். சண்டை ஓயட்டும் என்று செய்யாத தவற்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அது மருட்சியை மேலும் உறுதியாக்கும். “உங்கள் வேதனை புரிகிறது, எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்று சுருக்கமாகக் கூறுவது நல்லது. நோயாளி தமக்கு நோய் இருப்பதை ஏற்கமாட்டார். அவரை உண்மையாகவே வருத்தும் உறக்கமின்மை, படபடப்பு ஆகியவற்றுக்காக மருத்துவரைப் பார்க்க அழைக்கலாம்.

குடியை நிறுத்தும் மருந்தை உணவில் ரகசியமாகக் கலக்கவே கூடாது. டைசல்ஃபிரம் உட்கொண்டது அறியாமல் ஒருவர் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

சிகிச்சை

மருட்சியைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. அவை பயன்தரச் சில வாரங்கள் ஆகலாம். சந்தேகம் தணிந்ததும் தாமாகவே நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருந்துடன் மதுவிலிருந்து விடுபடுவதும், பின்னர் தம்பதியருக்கான ஆலோசனையும் தேவைப்படும். ஆபத்தான நிலையில் நோயாளி சிகிச்சையை மறுத்தால், உரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு அவரை அனுமதிக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது.

பாதுகாப்பே முதன்மை

நோய் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொலை மிரட்டல், ஆயுதம், கழுத்தை நெரித்தல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் பிள்ளைகளுடன் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்களை அணுகலாம்.

நோயாளி வர மறுத்தால், குடும்பத்தினராவது முதலில் வாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.