முயல் வாங்கியாச்சு... அப்புறம்?

சித்த மருத்துவருக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? திருப்பூரில் என்னிடம் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வருகிறவர்கள், எழுந்திருக்கும்போது, ‘ஏனுங்க டாக்டர்... வீட்டு முயலு ரெண்டு நாளா ஒண்ணுமே திங்க மாட்டேங்குது. கஷாயம் ஏதாச்சும் கொடுக்கலாமுங்களா?’ என்று கேட்பது சகஜமாகிவிட்டது. இதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று, கஷாயம். அதைவிடப் பெரிய தப்பு, அந்த ‘ரெண்டு நாள்’!

நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் சமாளித்துக்கொள்ளும். முயலின் குடல் அப்படியில்லை. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அது ஓடும். நின்றுவிட்டால் வாயு சேர்ந்து வயிறு வலிக்கும். வலியால் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது. அரை நாளாகச் சாப்பிடாமல், புழுக்கை போடாமல், மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மனிதர்களுக்கு நாங்கள் கொடுக்கும் கஷாயத்தை அதன் வாயில் ஊற்றாதீர்கள். வீட்டில் மீந்துபோன குழந்தையின் அமாக்சிசிலின் சிரப் இன்னும் மோசம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, முயலையும் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் அப்படித்தான்.

சரி, என்னதான் கொடுப்பது? கேரட் என்பீர்கள். அது கார்ட்டூன் முயலுக்கு! நிஜ முயலுக்குக் கேரட் மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு போதும். பிஸ்கட், முறுக்கு கூடவே கூடாது. முக்கால்வாசிச் சாப்பாடு புல்லாக, அதுவும் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். முயலின் பல் வருஷத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல் இருக்கிறதே, அதைக் காயவைத்துப் போடலாம். அருகம்புல், வேலிமசால், கொத்தமல்லித் தழை நல்லது. எருக்கு, அரளி, ஊமத்தை இருக்கும் இடத்தில் முயலை அவிழ்த்து விடாதீர்கள். நொய்யல் கரைப் புல்லும் வேண்டாம். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். அத்தனை வருஷம் சாயத்தண்ணீர் ஓடிய மண் அது.

விடியற்காலையில் தன் புழுக்கையைத் தானே தின்கிறது என்று பயந்து ஓடி வருகிறவர்களும் உண்டு. அது நோய் இல்லை. அந்த மெத்தென்ற புழுக்கையில்தான் அதற்கு வேண்டிய வைட்டமின்கள் இருக்கின்றன. தின்னட்டும்.

நம் ஊர் வீடுகளில் கூண்டுக்குள் மெத்தை என்று பனியன் வேஸ்ட்டைப் போட்டுவிடுகிறோம். சும்மா கிடைக்கிறது, என்ன செய்வது! ஆனால் முயல் எதையும் கடிக்கும். நூலும் எலாஸ்டிக்கும் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். காய்ந்த புல்லையே பரப்புங்கள். அடுத்தது வெயில். சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் சித்திரை, வைகாசி மாதம் நமக்கே தாங்காது. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஈரத்துணியால் காதைத் துடையுங்கள். குளிப்பாட்டாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

இனி ‘ஜோடி’ விவகாரம். கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவார். 31 நாளில் குட்டி; குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். மூன்று மாதம் ஆனதும் ஆண், பெண்ணைப் பிரித்துவிடுங்கள். பெண் முயலுக்கு நாலைந்து வயதுக்கு மேல் கருப்பையில் புற்றுநோய் வருவது அதிகம் என்பதால், கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லதே. ஆனால் மயக்க மருந்து முயலுக்குக் கொஞ்சம் சிக்கலான விஷயம். ‘முயலுக்கு இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?’ என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடச் சொன்னால், அவர் நாய், பூனை ஞாபகத்தில் சொல்கிறார் என்று அர்த்தம்.

வளர்க்க முடியவில்லை என்று காட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெள்ளை முயல் ஒரு ராத்திரி தாங்காது, நாய் பிடித்துவிடும். காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்ப்பதோ 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தலைமுடிக்கு முயல் ரத்த எண்ணெய் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முடி கொட்டினால் ரத்தசோகையா, தைராய்டா என்று முதலில் பாருங்கள். நான் அந்த எண்ணெயை எழுதித் தருவதில்லை.

கடைசியாக உங்கள் வீட்டு ஆட்கள். முயலிடமிருந்து படர்தாமரை ஒட்டும். சொறி பிடித்த முயலைத் தூக்கினால் நமக்கும் அரிக்கும். இரண்டும் சரியாகிவிடும். மூச்சிரைப்புதான் யோசிக்க வைக்கிற விஷயம். இங்கே ஏற்கெனவே பஞ்சுத் தூசு. கட்டிங் மாஸ்டர் ஒருவரின் எட்டு வயசுப் பையனுக்கு, முயல் வந்த மூணாம் மாசம் இளைப்பு அதிகமானது. ‘அதைக் கொண்டுபோய் எங்கியாச்சும் விட்டுட்டு வா’ என்று பாட்டி. ‘மாட்டேன்’ என்று பையன் அழுகை. இன்ஹேலரை நிறுத்திவிட்டு என் மருந்தை மட்டும் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். கூடவே கூடாது என்றேன். முயலை வாசலுக்கு மாற்றி, கூண்டு கழுவும் வேலையை அப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அலர்ஜி டாக்டர் பரிசோதித்து, முயல்தான் என்று சொல்லிவிட்டார். இப்போது அது பல்லடத்தில் அவன் மாமா தோட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்; கை, கால் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறான்.