ஒரு தந்தை வீட்டில் நடத்திய பள்ளி

பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கப் பற்று குறைந்துவிடுமோ என அஞ்சி, வீட்டிலேயே கற்பித்துவிடலாமா என்று எண்ணுவோர் நம்மில் உளர். அத்தகையோர் மௌலானா கைருத்தீன் அவர்களின் அனுபவத்தைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறேன்.

கல்கத்தாவில் முரீதுகள் பலரைப் பெற்றிருந்த ஞானாசிரியர் அவர். 1888-இல் மக்கா நகரில் பிறந்த தம் மைந்தரை அவர் எந்தப் பள்ளிக்கும் அனுப்பினாரில்லை. நவீனக் கல்வி ஈமானைக் குலைத்துவிடும் என்பது அன்னாரின் திடமான எண்ணம். கல்கத்தா மதரஸாவின் தரமும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே தாமே முதல் உஸ்தாதாக அமர்ந்தார்; பின்னர் ஒவ்வொரு துறைக்கும் தேர்ந்த ஆசிரியர்களை இல்லத்திற்கே வரவழைத்தார். பார்சி, அரபு, தத்துவம், கணிதம் யாவும் அங்கேயே போதிக்கப்பட்டன.

பிறர் இருபது வயதுக்கு மேல் முடிக்கும் பாடத்திட்டத்தை மைந்தர் பதினாறு வயதிலேயே முடித்தார். உடனே தந்தை ஏறத்தாழப் பதினைந்து மாணவர்களைத் திரட்டி, அவர்களுக்குப் பாடம் நடத்துமாறு பணித்தார். கற்றதைப் பிறருக்குக் கற்பிக்க வல்லவனே கற்றவன் என்பது அக்கால ஆலிம்களின் முறை.

ஆனால், எந்தக் கதவைத் தந்தை சாத்தினாரோ அதனை மைந்தர் தாமே திறந்தார். ஸர் ஸையித் அஹ்மத் கானின் நூல்கள் நவீன அறிவின் தேவையை அவருக்கு உணர்த்தின. ஆங்கில அரிச்சுவடியை ஒருவரிடம் பயின்றபின், பைபிளின் ஆங்கில, பார்சி, உருது மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டும், அகராதியின் துணையோடு செய்தித்தாள்களைப் படித்தும் அம்மொழியைக் கைவரப் பெற்றார். ஐயங்கள் அவரை அலைக்கழித்தன. மரபாக வந்த நம்பிக்கைகளின் தளையினின்று விடுபட்டேன் எனும் பொருளில் 'ஆஸாத்' என்று புனைபெயரும் சூடினார்.

ஆம், அவர்தாம் மௌலானா அபுல் கலாம் ஆஸாத்! தர்ஜுமானுல் குர்ஆன் எனும் உருது விளக்கவுரையை வரைந்ததும், 1947 முதல் 1958 வரை நாட்டின் கல்வி அமைச்சராக விளங்கியதும் அவரே. பள்ளி வாயிலை மிதியாதவர் காலத்தில்தான் 1951-இல் கரக்பூர் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது.

பெற்றோர்களே! தந்தை அஞ்சிய ஐயம் வந்தே தீர்ந்தது. வீட்டுச் சுவர் அதனைத் தடுக்கவில்லை. எனினும், அவ்வீட்டில் ஊட்டப்பெற்ற அறிவுத்தாகமும் உழைப்பும் வீணாகவில்லை. தாம் அறியாததைக் கற்பிக்கத் தகுந்த ஆசிரியரைத் தேடிய தந்தையின் பணிவையும் நாம் மறத்தலாகாது. வீட்டில் கற்பிப்பீராயின், பிள்ளையைப் பூட்டிவைக்கும் எண்ணத்தோடு கற்பியாதீர். நாளை அவன் தனித்து நின்று உண்மையைத் தேடும் ஆற்றலை அளியுங்கள். 'ஓதுவீராக' என்பதே முதல் வஹீயின் கட்டளையன்றோ!

நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.